ஏழாவது ட்ராக்

"எங்கடி மேளம்?" என்றார் பெரியப்பா.

மேளம் இல்லை. பியானோ இல்லை. வயலின் இல்லை. புல்லாங்குழலும் இல்லை. அவருடைய தம்பி மகள் டிகிரி மூன்று வாரம் உட்கார்ந்து கணினியில் கோத்த நாலு வாத்தியமும் காணாமல் போய், ஃபோன் ஸ்பீக்கரில் பெரியப்பா மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். நடுநடுவே அத்தை குறுக்கே வந்தாள். கேட்க பாட்டு மாதிரி இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கிற சண்டை மாதிரி இருந்தது.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் கேக்குது பெரியப்பா. ஒரே ஃபைலா சேத்து வெளிய எடுத்தா மட்டும் வாத்தியம் போயிடுது."

"போனா போகட்டும் விடு. குரல் கணீர்னு இருக்குல்ல?"

"யார் குரலுண்ணே?" என்றாள் அத்தை. "என் குரலைத் தேட வேண்டியிருக்கு."

டிகிரி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். அப்பா வழியில் தேடினாலும் சரி, அம்மா வழியில் தேடினாலும் சரி, கல்லூரிக்குள் போய்ச் சான்றிதழோடு வெளியே வந்த ஒரே ஆள் அவள்தான். படித்தது தாவரவியல். வேலை பார்ப்பது கூரியர் ஆபீஸ் கவுண்டரில். ஆனால் ஃபேன் சுற்றவில்லை என்றால் "டிகிரி, என்னன்னு பாரு." பெரியப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் "டிகிரி, எதனாலன்னு பாரு." தெரியாது என்று சொல்லும் உரிமையை அவள் பட்டமளிப்பு நாளோடு இழந்துவிட்டாள். சொன்னால், "அப்புறம் எதுக்கு அவ்வளவு படிச்சே?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்களில் ஒருவர்கூட அவளுக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை அப்பா ஓய்வு பெறுகிறார். முப்பத்துமூன்று வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். டிப்போவின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை நாலு மணிக்கு விழா. குடும்பத்தாருக்கு என்று ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பேச விட்டால் பெரியப்பா ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்வார் என்பதால், டிகிரி பாட்டு என்றாள். வீட்டிலேயே பதிவு செய்த பாட்டு. அப்பா இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகும் சாயங்காலங்களில் ரகசியமாக வேலை நடந்தது.

உண்மைக் காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா பாடுவாள். வாஷிங் மெஷின் ஓடும்போது மட்டும். மெஷின் உறுமும் வரைக்கும் பாட்டு ஓடும், மெஷின் நின்றால் பாட்டும் சட்டென்று நின்றுவிடும். ஒருநாள் காய்ச்சலென்று ஆபீசிலிருந்து பாதியில் திரும்பிய டிகிரி வாசலிலேயே செருப்போடு நின்று கேட்டாள். இருபத்துநாலு வயதுவரை தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவர் வீட்டில் இருந்தால் தூங்கிக்கொண்டிருப்பார்; அவர் தூங்கும்போது மெஷின் போடக் கூடாது. அப்பா பஸ்ஸிலிருந்து இறங்குகிற நாளிலாவது அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் டிகிரிக்கு வேண்டியது.

"எனக்கெதுக்குடி அதெல்லாம்?" என்றாள் அம்மா.

"ரெண்டே வரிம்மா."

"உங்க பெரியப்பா, அத்தை எல்லாம் பாடுறாங்கல்ல. போதும்."

கடைசியில், துணி எதுவும் போடாமல் வாஷிங் மெஷினை ஓடவிட்டு, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துத்தான் அந்த இரண்டு வரி கிடைத்தது.

*முதல் பஸ் எடுத்துப் போனீங்க, முகத்தைப் பார்க்க நேரமில்ல;*
*கடைசி பஸ்ஸில் வந்தீங்க, கதவு மட்டும் தூங்கவில்ல.*

ஆக மொத்தம் ஏழு ட்ராக். நாலு வாத்தியம். ஐந்தாவது பெரியப்பா. காய்கறி மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூவியவர். மைக் அவருக்கு அவமானம். ஆறாவது அத்தை. பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் இரண்டாம் பரிசாகச் சோப்புப் பெட்டி வாங்கியவள். முதல் பரிசு வாங்கியவளைப் பற்றி இன்றைக்கும் நல்லவிதமாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏழாவது அம்மா. பின்னால் மெஷின்.

வாத்தியம் ஏன் காணாமல் போகிறது என்று டிகிரி வீடியோ தேடினாள். சொல்லிக்கொடுப்பவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் போய் டீ குடித்துவிட்டு வருபவர் மாதிரி பேசினார். அவள் இரட்டை வேகத்தில் ஓட்டினாள். விஷயம் இதுதான்: வாத்தியங்களை அவள் போட்டிருந்தது மிடி ட்ராக்கில். மிடியில் சத்தம் என்று ஒன்று கிடையாது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அவளுடைய மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்து அவ்வப்போது வாசித்துக் காட்டும். பாட்டை வெளியே எடுக்கும்போது குரல் கூடவே வரும், குறிப்பு வராது.

அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்ப அது சட்டை இல்ல. அளவெழுதின சீட்டு. வெட்டித் தைச்சாத்தானே சட்டை?"

"உனக்கு இது புரியாதும்மா," என்றாள் டிகிரி.

ஐந்து நிமிடம் கழித்து, அம்மா சொன்னதுதான் விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா அந்த வாரம் டிப்போ விழாவுக்குத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது மேசை விரிப்பு. தையல் மெஷினும் கணினியும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில். கணினி, கூரியர் ஆபீசில் கழித்துப் போட்டது.

டிகிரி வீடியோவை அப்படியே ஓடவிட்டுக் குளிக்கப் போனாள். வீடியோக்காரர் தம்பாட்டுக்கு, சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன, சத்தத்தை அளக்கிற டெசிபல் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். தையல் மெஷின் ஓடுகிற சத்தமே இல்லை. நூல் அறுந்திருக்கும் என்று டிகிரி நினைத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, "மாஸ்டரில் எப்போதும் மூன்று டெசிபல்…" என்று அவர் ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் கேட்க யாருக்குப் பொறுமை? வீடியோவை மூடினாள்.

நாலு மிடி ட்ராக்கையும் உண்மையான சத்தமாக மாற்றினாள். இப்போது எட்டு வாத்தியம் கேட்டது. சீட்டும் இருந்தது, சட்டையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வாசித்தன, மயிரிழை முன்பின்னாக. மேளக்காரருக்கு விக்கல் வந்த மாதிரி இருந்தது.

பழைய ட்ராக்குகளை மியூட் செய்தாள். வெளியே எடுத்தாள். போட்டுக் காட்டினாள்.

"இப்பத்தான் பாட்டு மாதிரி இருக்கு!" என்றார் பெரியப்பா.

"ரொம்ப நிறைவா இருக்குடி," என்றாள் அத்தை.

நாலை மியூட் செய்யப் போய் ஐந்தாக ஏழாவதையும் சேர்த்து மியூட் செய்திருந்தாள். அம்மாவின் இரண்டு வரி வரவேண்டிய இடத்தில் வயலின் மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு வீட்டில் அம்மா காணாமல் போனால் சாப்பாட்டு நேரம் வரும்வரை யாருக்கும் தெரியாது என்று டிகிரி பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகுதான், மியூட் செய்தவளே தான்தான் என்று ஞாபகம் வந்தது.

அம்மாவை மீட்டாள். வந்தது வினை.

"நடுவுல என்ன அது? மெஷின் சத்தமா?" என்றார் பெரியப்பா. "அங்க என் குரலை ஏத்தி மூடிடு."

ஏற்றினாள்.

"அண்ணன் மட்டும்தான் பாடுறாரா? நான் என்ன கை தட்ட வந்தவளா?" என்றாள் அத்தை.

அத்தையை ஏற்றினாள். பெரியப்பா கீழே போய்விட்டார், அவரை ஏற்றினாள். இருவருக்கும் அடியில் மேளம் அமுங்கிவிட்டது, மேளத்தை ஏற்றினாள். அம்மாவைக் காணவே காணோம். அம்மாவை ஏற்றினால் கூடவே வாஷிங் மெஷினும் ஏறி, கூரைமேல் விமானம் இறங்குகிற மாதிரி இருந்தது. திரையில் மாஸ்டர் என்கிற கோடு, எல்லா ட்ராக்கும் கடைசியில் வந்து சேருகிற இடம், சிவப்பாக எரிந்தது. பாட்டு கிழிந்தது. நிஜமாகவே, பழைய துணி கிழிகிற சத்தம்.

"ஏண்டி, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டே போறியே," என்றாள் அம்மா, விரிப்பை மடித்துக்கொண்டே. "எதையாச்சும் எறக்கிப் பாரேன். மேல்நூலை அவ்வளவு இறுக்கினா தையல் எங்க நிக்கும்?"

"அம்மா, தயவுசெஞ்சு. உனக்கு இது புரியாது."

"சரிம்மா," என்றாள் அம்மா.

டிகிரி மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு பாட்டு. 'ஃபைனல் பெரியப்பா'வில் பெரியப்பா மட்டும் மேலே. 'ஃபைனல் அத்தை'யில் அத்தை மேலே. 'ஃபைனல் அம்மா'வில் அம்மாவும் விமானமும். அவரவருக்கு அவரவர் பாட்டை அனுப்பி வாயை அடைத்துவிடலாம். விழாவில் எதைப் போடுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படித்த மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

மறுநாள் ஆபீசிலிருந்து வந்து கணினியைத் திறந்தால், பெரியப்பா இறங்கியிருந்தார்.

நேற்று உச்சியில் விட்டுப்போன அவருடைய சத்தக் கோடு பாதிக்குக் கீழே கிடந்தது. அத்தையும் இறங்கியிருந்தாள். மேளத்தின் கோடு, அம்மாவின் வரி வருகிற இடத்தில் மட்டும் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறியது. டிகிரி அப்படி எதுவும் செய்யவில்லை. அப்படிச் செய்யலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் பழையபடி ஏற்றிவைத்தாள். அதற்கு மறுநாளும் இறங்கியிருந்தது.

வீடியோக்காரருக்கு எழுதிக் கேட்டாள்: 'மென்பொருள் தானாகவே சத்தத்தைக் குறைக்கிறது. என்ன கோளாறு?'

அவர் பதில் போட்டார்: 'தானாகக் குறைக்காது. வீட்டில் வேறு யாராவது தொட்டார்களா?'

டிகிரிக்குச் சிரிப்பு வந்தது. 'எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் மவுஸ் பிடிக்கவே தெரியாது' என்று எழுதினாள்.

அம்மாவிடம் கேட்டாள், சும்மா ஒரு பேச்சுக்கு. "நான் இல்லாதப்ப கம்ப்யூட்டர் மேல எதாவது பட்டுச்சாம்மா?"

"தூசி தட்டினேன்."

"தட்டாத. எதாவது அமுங்கிடும்."

"சரிம்மா."

மென்பொருளில்தான் கிறுக்கு என்று முடிவுகட்டி, அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். வாத்தியங்களைக் குறிப்பிலிருந்து மறுபடி சத்தமாக மாற்றியதில், வயலின் என்று இருந்தது எக்காளமாகிவிட்டது. அப்பா ஓய்வு பெறுகிற பாட்டு, அரண்மனையில் யாரையோ தூக்கில் போடப்போகிற அறிவிப்பு மாதிரி ஆனது. அதைச் சரிசெய்ய ஒரு சாயங்காலம் போயிற்று. அந்த அவசரத்தில் அவள் செய்த காரியம்தான் பெரிய கூத்து. 'ஃபைனல் பெரியப்பா'வை அத்தைக்கும், 'ஃபைனல் அத்தை'யைப் பெரியப்பாவுக்கும் அனுப்பிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் இருவரும் வந்து நின்றார்கள்.

"என்னைக் கெணத்துக்குள்ள எறக்கிட்டு இவளை மொட்டை மாடில ஏத்தியிருக்கே!"

"ஐயோ, இவருக்குத் தனியா ஒண்ணு, எனக்குத் தனியா ஒண்ணா! டிகிரி, இதுக்காடி உன்னைப் படிக்க வெச்சோம்?"

"நீங்க எங்க படிக்க வெச்சீங்க அத்தை?" என்றாள் டிகிரி.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பெரியப்பா தோளை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் விழாவுக்கு வரல. என் குரல் வேணாம்னா நான் எதுக்கு?"

டிகிரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பாவுக்கு முதன்முதலில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா, மண்டியின் ஓட்டை லாரியில். பெரியப்பா முன் வரிசையில் இல்லை என்றால் அப்பா மேடையேறமாட்டார். மேடையேறவில்லை என்றால் பாட்டு இல்லை. பாட்டு இல்லை என்றால் அந்த இரண்டு வரி குளியலறையை விட்டு வெளியே வராது.

"பெரியப்பா, கூடத்துல உங்க குரல்தான் மேல நிக்கும். சத்தியமா."

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அத்தையிடம்:

"அத்தை, கூடத்துல உங்க குரல்தான். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

இரண்டு சத்தியம். இரண்டும் பொய். வெள்ளிக்கிழமை காலை அவள் பென்டிரைவில் ஏற்றியது 'ஃபைனல் அம்மா'வை. விமானம் இறங்கினால் இறங்கட்டும், பெரியப்பா கத்தினால் கத்தட்டும், அப்பா காதில் விழுந்தால் போதும். பழைய பென்டிரைவ் ஒன்று இழுப்பறையில் கிடக்குமே, அதிலும் ஒரு நகல் போட்டுக்கொள்ளலாம் என்று தேடினாள். இல்லை. அந்த வீட்டில் எதுதான் வைத்த இடத்தில் இருக்கும்!

அம்மாவும் வீட்டில் இல்லை. விரிப்புகளைக் கொடுக்க டிப்போவுக்குக் காலையிலேயே போய்விட்டாள்.

நாலு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சீருடை போட்டவர்கள், சீருடையைக் கழற்றியவர்கள், இருநூறு பேர். ஓரத்தில் ஒலிபெருக்கிக்காரர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். டிகிரி பென்டிரைவை நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பேர் 'ஃபைனல் அம்மா'ண்ணே. அதை மட்டும் போடுங்க."

"சரிம்மா, சரிம்மா, பாத்துக்கறேன். போய் உக்காருங்க."

மேடையில் அப்பா, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் இல்லாமல் அவருக்கு உட்காரத் தெரியாது. முன் வரிசையில் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை தொண்டையைச் செருமினாள், தானே நேரில் பாடப்போவது மாதிரி. அம்மா கடைசி வரிசையில், ஒரு மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவித் தையலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

டிகிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

பியானோ வந்தது. ஒரே பியானோ. மேளம் வந்தது, விக்கல் இல்லாமல். பெரியப்பா வந்தார், கத்தவில்லை, தம்பியைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் மூச்சு விட்ட இடத்தில் அத்தை நுழைந்தாள். இரண்டு பேரும் ஒரே பாட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடந்தார்கள். பிறகு மேளம் மெல்ல இறங்கியது. வயலின் ஒதுங்கி நின்றது. அடியில் எங்கோ ஒரு மெல்லிய உறுமல் மட்டும்.

*முதல் பஸ் எடுத்துப் போனீங்க…*

 அப்பா தலையைத் தூக்கினார். முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசி வரிசையில் நிறுத்தினார். அம்மா விரிப்பின் ஓரத்தை விடவில்லை.

*…கதவு மட்டும் தூங்கவில்ல.*

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அப்பா மேடையிலிருந்து இறங்கி நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். முப்பத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாக வழியில் எங்கும் நிறுத்தாமல் போனார். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா ஒரு தட்டில் கேக்கை வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அவர் திரும்பி டிகிரியிடம், "அந்த எஞ்சின் சத்தத்தை எங்கேருந்து பிடிச்சே? ஸ்டாண்டுல நிக்கிற வண்டி மாதிரியே உறுமுச்சு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"கேட்டியா? என் குரல்தான் தூக்கி நிறுத்துச்சு," என்றார் பெரியப்பா. "வாக்கு தவறலடி நீ."

அத்தை அவளைத் தனியாக இழுத்துக் காதில் சொன்னாள். "அண்ணனைச் சரியா அமுக்கிட்டே. கெட்டிக்காரி!"

டிப்போ மேலாளரே வந்து கைகொடுத்தார். "பொண்ணு படிச்சிருக்கு போல. பாட்டுலயே தெரியுது."

"டிகிரின்னா சும்மாவா?" என்றார் பெரியப்பா, ஏலம் கூவுகிற குரலில்.

டிகிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எப்படி நடந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. விமானம் எங்கே போனது? கிழிசல் எங்கே போனது? மென்பொருள் கடைசி நேரத்தில் புத்தி வந்து தன்னைத்தானே சரிசெய்துகொண்டிருக்க வேண்டும். அல்லது பெரிய ஸ்பீக்கரில் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. எப்படியோ, மூன்று வார உழைப்பு வீண்போகவில்லை. கேக்கின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ராணி மாதிரி நடந்துபோய் ஒலிபெருக்கிக்காரரிடம் கையை நீட்டினாள்.

"அண்ணே, என் பென்டிரைவ்."

அவர் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். மூடிகூடத் திறக்கவில்லை.

"ஏம்மா, உங்கம்மா எந்த ஸ்டுடியோவுல வேலை பாக்குறாங்க? காலையில விரிப்பு குடுக்க வந்தப்பவே வேற ஒண்ணைக் குடுத்துட்டு, 'எம் பொண்ணு ஒண்ணு கொண்டுவரும், வாங்கி வெச்சுக்குங்க, போட்டுராதீங்க. மாஸ்டர்ல மூணு டெசிபல் இடம் விட்டிருக்கேன், நீங்களா எதையும் ஏத்திடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்களே!"